உடம்பில் தொடங்கிய ஆங்கிலம்

ஆங்கிலம் பேசப் பழக்கும் புத்தகங்களில் வரும் மனிதர்களுக்கு விசித்திரமான வாழ்க்கை. ஒருவரை ஒருவர் அறிமுகம் செய்துகொண்டே இருப்பார்கள். வானிலையைப் பார்த்து வியப்பார்கள். வழி கேட்பார்கள், நன்றி சொல்வார்கள், விடைபெறுவார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடப் பல் வலித்ததில்லை, வயிறு கலங்கியதில்லை, இரவெல்லாம் இருமியதில்லை. அந்த உரையாடல்களை வரிவரியாக மனப்பாடம் செய்த காலம் எனக்கும் உண்டு. வாயைத் திறந்து பேச வேண்டிய இடத்தில் அவற்றில் ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை.

நான் தமிழ் வழியில் படித்தவன். கணக்கு எழுதுவது தொழில். அந்த வேலைக்குத் தேவைப்பட்ட ஆங்கிலம் எண்களோடும், கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் நாலைந்து வாக்கியங்களோடும் முடிந்துவிடும். நாற்பதை நெருங்கும்போது தமிழ் தெரியாதவர்கள் நடுவில் வேலை செய்ய நேர்ந்தது. கூடவே, அப்பாவுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருந்ததால், அவரை அழைத்துக்கொண்டு மருத்துவர்களிடம் போய்ப் பேசும் பொறுப்பும் என்னுடையதானது. அலுவலகத்தில் பேச்சைத் தவிர்த்து மின்னஞ்சலில் சமாளிக்கலாம். மருத்துவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அது நடக்காது. கேட்ட கேள்விக்கு அந்த நிமிடமே பதில் வேண்டும். அதுவும் சரியான பதில் வேண்டும். இப்படித்தான், நானாகத் தேடிப் போகாமலே, உடல்நலமும் சுத்தமும் என் ஆங்கிலப் பாடமாயின.

இப்போது யாராவது எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்கிறேன். மற்ற எந்தப் பொருளைப் படித்தாலும் இரண்டு வேலை ஒன்றாக நடக்கும்: விஷயத்தையும் புரிந்துகொள்ள வேண்டும், மொழியையும் புரிந்துகொள்ள வேண்டும். பல் துலக்குவதைப் பற்றிய ஒரு பக்கத்தில் விஷயம் ஏற்கெனவே நமக்குத் தெரியும். காலை, இரவு இரண்டு வேளை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம், மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை தூரிகையை மாற்ற வேண்டும் என்பதில் புதிதாக என்ன இருக்கிறது? கவனம் முழுவதும் ஆங்கிலத்தின் மீதே நிற்கும். தெரியாத சொல் வந்தாலும் பாதி ஊகத்தில் பிடிபட்டுவிடும்.

பிரான்சுவா குவான் என்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒருவரின் கதை இதற்குப் பொருத்தமானது. ஜெர்மன் கற்பதற்காக ஹாம்பர்க் நகருக்குப் போனவர், முதலில் இலக்கணப் புத்தகத்தையும் 248 ஒழுங்கற்ற வினைகளையும் உருப்போட்டார். பல்கலைக்கழக வகுப்பில் போய் உட்கார்ந்தால் ஒரு சொல் புரியவில்லை. பிறகு அகராதியையே மனப்பாடம் செய்தார். அப்போதும் புரியவில்லை. சோர்ந்துபோய் ஊர் திரும்பியவர், மூன்று வயதுகூட நிரம்பாத தன் உடன்பிறப்பின் மகன் ஒரு மாவு ஆலையைப் பார்த்துவிட்டு வந்து, அங்கு நடந்ததை நடந்த வரிசையில் தானே சொல்லிச் சொல்லி விளையாடுவதைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் அவர் 1880இல் வெளியிட்ட தொடர்முறை: ஒரு செயலைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்து, செய்துகொண்டே ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியமாகச் சொல்வது. கதவைத் திறப்பதுதான் அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. நமக்கு அதைவிடப் பொருத்தமானது கை கழுவுவது.

கை கழுவுவதற்கு உலகம் முழுவதும் ஆங்கிலத்தில் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை ஐந்தே வினைச்சொற்களில் அடக்கிவிடுகிறது: வெட், லேதர், ஸ்க்ரப், ரின்ஸ், ட்ரை. நனை, நுரைக்கத் தேய், அழுத்தித் தேய், அலசு, உலர்த்து. குழந்தைக்கும் புரியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் சுவரொட்டி வேறு மாதிரி. உள்ளங்கையோடு உள்ளங்கை, இடது புறங்கையின் மேல் வலது உள்ளங்கை, விரல்கள் இடைகோத்து, பிறகு கை மாற்றி அதே போல, விரல்களின் பின்புறம் எதிர் உள்ளங்கையில் பட, விரல்கள் கொக்கியாகப் பூட்டி, கட்டைவிரலை மறு கையால் பிடித்துச் சுழற்றி, கடைசியில் விரல்நுனிகளைச் சேர்த்து உள்ளங்கையில் முன்னும் பின்னும் வட்டமாக.

இதில் இரண்டு சொற்கள் வருகின்றன: 'இன்டர்லேஸ்ட்', 'இன்டர்லாக்ட்'. அகராதியைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். குழாயடியில் நின்று சுவரொட்டியின் படத்தைப் பார்த்துச் செய்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. முதலாவதில் ஒரு கை விரல்கள் மறு கை விரல்களின் இடுக்கில் நுழைந்து சறுக்குகின்றன. இரண்டாவதில் மடங்கிய விரல்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கின்றன. அதே இடத்தில் 'ஓவர்', 'பிட்வீன்', 'அண்டர்', 'அகெய்ன்ஸ்ட்' ஆகிய நான்கு முன்னிடைச் சொற்களும் கைக்கு வந்துவிட்டன. நகங்களுக்கு அடியில் தேய்க்கும்போது 'அண்டர்' என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டி வரும். ஆங்கிலத்தில் முன்னால் தனியாக நிற்கும். அதனால்தான் நமக்கு இந்தச் சின்னச் சொற்கள் எப்போதும் தடுமாற்றம். கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி எனக்குத் தராததைச் சோப்பு நுரை தந்தது.

செய்யும்போது சத்தமாகச் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். முதலில் கட்டளையாக: கையை நனை. அடுத்த நாள் நடப்பாக: நான் கையை நனைக்கிறேன். பிறகு முடிந்ததாக: நனைத்தேன், தேய்த்தேன், அலசினேன். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஒரே பொருளைப் பற்றிப் பல இடங்களில் படிப்பதன் பயனையும் அந்தச் சுவரொட்டிகளில்தான் கண்டேன். ஒரு நிறுவனம் 20 வினாடி என்கிறது, இன்னொன்று 40 முதல் 60 வினாடி என்கிறது. முரண்பாடு போலத் தோன்றி, மறுபடி உற்றுப் படித்தேன். முதலாவது தேய்க்கும் நேரத்தை மட்டும் சொல்கிறது. இரண்டாவது நனைப்பதிலிருந்து உலர்த்துவது வரை முழுச் செயலுக்குமான நேரத்தைச் சொல்கிறது. 'என்டயர் ப்ரொசீஜர்' என்ற இரண்டு சொற்களில் அந்த வேறுபாடு அடங்கியிருக்கிறது. இப்படி ஒரே தலைப்பில் அடுத்தடுத்துப் படிப்பதைக் குறுகிய வாசிப்பு என்று ஸ்டீபன் கிராஷன் என்ற மொழியியலாளர் 1981இலேயே பரிந்துரைத்திருக்கிறார். அதே சொற்கள் வெவ்வேறு வாக்கியங்களில் திரும்பத் திரும்ப எதிரே வருவதால், மனப்பாடம் செய்யாமலே பதிந்துவிடுகின்றன. பலவகைப்பட்ட கட்டுரைகளைப் படிக்கச் சொல்லும் ஆசிரியர்களோடு எனக்கு இந்த இடத்தில் உடன்பாடு இல்லை. தொடக்கத்தில் இருப்பவருக்குப் பலவகை என்பது பலமுறை வழி தவறுவதுதான்.

கைக்கு அடுத்து காய்ச்சல், அதற்கடுத்து வயிற்றுப்போக்கு, பிறகு பல், தூக்கம் என்று ஒவ்வொரு தலைப்பிலும் சில வாரங்கள் தங்கினேன். இறந்த காலம் தடுமாறியபோது சுகாதாரத்தின் வரலாற்றுக்குப் போனேன். 1847இல் வியன்னாவின் பெரிய மருத்துவமனையில், பிரசவம் பார்க்க வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த கரைசலில் கை கழுவ வேண்டும் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் விதித்தார். பிரசவக் காய்ச்சலால் இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை சடசடவென்று குறைந்தது. ஆனாலும் சக மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ, காலராவுக்கும் ஒரு தெருக் குழாய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டு, அதன் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். இவை துப்பறியும் கதை போல ஓடும். 'பிகாஸ்', 'ஹவ்எவர்', 'ஆஸ் எ ரிசல்ட்' ஆகியவை ஒவ்வொரு பத்தியிலும் வந்து, காரண காரியத்தை ஆங்கிலத்தில் எப்படிக் கோப்பது என்று காட்டிக்கொண்டே போகும்.

வாசிப்பு இப்படி நடந்துகொண்டிருந்தாலும் வாய் மட்டும் திறக்கவில்லை. அதைத் திறந்தவர் அடுத்த வீட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர். நான் அவரை அக்கா என்றே அழைப்பேன். பல நாடுகளில் வேலை பார்த்தவர். மாலையில் அப்பாவுக்கு இரத்த அழுத்தம் பார்க்க வருவார். ஒருநாள் நான் ஆங்கிலத்தில் எழுதிப் பழகும் நோட்டைப் பார்த்துவிட்டு, "எழுதினது போதும் தம்பி, நான் டாக்டர், நீங்கள் நோயாளி, சொல்லுங்கள், என்ன செய்கிறது?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவரிடமிருந்து தெரிந்துகொண்ட முதல் செய்தி, மருத்துவர்களின் கேள்விகள் பெரும்பாலும் ஒரு வரிசையில்தான் வரும் என்பது. என்ன தொந்தரவு, எங்கே, எப்போது தொடங்கியது, எப்படிப்பட்டது, எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது, முன்பு வந்திருக்கிறதா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், ஏதாவது ஒவ்வாமை உண்டா? மொத்தம் பத்துக் கேள்விக்குள் அடங்கிவிடும். இப்படி அடுத்து என்ன வரும் என்று முன்பே தெரிகிற உரையாடல் வேறு எங்கே கிடைக்கும்? நண்பர்களின் அரட்டை எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கே கேள்வி காதில் பாதி விழுந்தாலும், வரிசை தெரிந்திருப்பதால் மீதியை ஊகித்துவிடலாம். பயம் அங்கேயே பாதி போய்விட்டது.

அந்தப் பயிற்சியில் தமிழர் பலரும் சொல்லும் சில வாக்கியங்களை அக்கா பிடித்துப் பிடித்துத் திருத்தினார். 'மை ஹெட் இஸ் பெய்னிங்' என்போம். 'ஐ ஹேவ் எ ஹெட்ஏக்' அல்லது 'மை ஹெட் ஹர்ட்ஸ்' போதும். 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்' என்பதில் மூன்று திருத்தங்கள் வேண்டும்: 'ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்.' எத்தனை நாள் என்ற அளவு வந்தால் 'ஃபார்'. எந்த நாளிலிருந்து என்ற தொடக்கம் வந்தால் 'சின்ஸ்'. 'ஹேவ் ஹேட்' என்று இரட்டையாக வருவது ஏன் என்று இலக்கணப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கும். காய்ச்சல் அன்று தொடங்கியது, இன்னும் விடவில்லை. அந்த நிலையைச் சொல்லத்தான் அது. காய்ச்சல் விட்டுவிட்டால் 'ஐ ஹேட் எ ஃபீவர்' என்று ஒற்றையாகிவிடும். நோய் இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்பது மருத்துவருக்கு முக்கியம். அதனால் இந்த இலக்கணம் எனக்கும் முக்கியமாயிற்று. 'லூஸ் மோஷன்' என்பதும் நம் பக்கத்து ஆங்கிலம்தான். வெளியில் அது புரியாமல் போகலாம். 'டயரியா' என்றால் எங்கும் புரியும்.

அக்காவிடம் பேசப் பேச இன்னொன்றும் தெளிவாயிற்று. நான் வாசித்துக் கற்ற ஆங்கிலமும் மனிதர்கள் பேசும் ஆங்கிலமும் ஒரே நோய்க்கு வெவ்வேறு சொற்களை வைத்திருக்கின்றன. வாந்தி எடுப்பது தாளில் 'வாமிட்' என்றால் பேச்சில் 'த்ரோ அப்'. மயங்கி விழுவது தாளில் 'ஃபெயின்ட்', பேச்சில் 'பாஸ் அவுட்'. குணமாவது தாளில் 'ரெகவர்', பேச்சில் 'கெட் ஓவர் இட்'. காய்ச்சல் என்று நேரடியாகச் சொல்லாமல் பிரிட்டன்காரர் 'ஹி ஹேஸ் எ டெம்பரேச்சர்' என்பார். உடம்பில் வெப்பம் எல்லாருக்கும் இருக்கிறதே என்று நாம் விழிப்போம். அதே பிரிட்டனில் 'ஐ வாஸ் சிக்' என்றால் பெரும்பாலும் வாந்தி எடுத்தேன் என்று பொருள். அமெரிக்காவில் உடம்பு சரியில்லை என்று மட்டும். பிரிட்டன் மருத்துவர் 'ஹவ் ஆர் யுவர் வாட்டர்வர்க்ஸ்?' என்று விசாரித்தால் குடிநீர் வாரியத்தைக் கேட்கவில்லை, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்கிறார். 'ஹேவ் யூ ஓப்பன்டு யுவர் பவல்ஸ் டுடே?' என்பது மலம் கழித்தீர்களா என்பதற்கான செவிலியர் மொழி. நாசூக்காகக் கேட்பதாக நினைத்து அந்நியரைத் திகைக்க வைக்கும் கேள்விகள் இவை.

ஆகவே என் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் வாசிப்பில் வந்த சொல், வலப்பக்கம் பேச்சில் வரும் சொல். வாசித்தால் வலப்பக்கம் காலியாக இருக்கும். அதை நிரப்ப யாரிடமாவது பேச வேண்டும். பேச்சில் புதுச் சொல் கேட்டால் இடப்பக்கம் காலி. அதை நிரப்பத் தேடிப் படிக்க வேண்டும். வெறும் வாசிப்போ வெறும் பேச்சோ போதாது என்று பலர் பொதுவாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை நாள்தோறும் செய்ய வைத்தது அந்தக் கோடுதான்.

வலியைச் சொல்வதில்தான் அதிக நாட்கள் செலவழித்தேன். தமிழில் நமக்குக் குறைவே இல்லை: குத்துகிறது, குடைகிறது, எரிகிறது, கடுக்கிறது, இழுக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, சுருக்கென்கிறது, மரத்துப்போகிறது. இவ்வளவு நுட்பமாகப் பேசத் தெரிந்தவர்கள் ஆங்கிலத்துக்கு மாறியதும் 'பெய்ன், வெரி பெய்ன்' என்று நின்றுவிடுகிறோம். மருத்துவர் கேட்பதே அந்த நுட்பத்தைத்தான். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்டு மெல்சாக் 1975இல் வலிக்கென்றே ஒரு வினாத்தாள் வெளியிட்டார். அதில் 78 சொற்கள், 20 தொகுதிகளாக இருக்கின்றன. நோயாளி தனக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை முழுவதும் கற்க வேண்டியதில்லை. 'த்ராபிங்' என்பது நாடித் துடிப்போடு சேர்ந்து விண்விண் என்று தெறிப்பது. 'ஸ்டாபிங்' கத்தி போலக் குத்துவது. 'ஷூட்டிங்' ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்துக்குச் சுரீரென்று பாய்வது. 'பர்னிங்' எரிச்சல். 'டல் ஏக்' மந்தமாக, விடாமல் இருக்கும் வலி. 'க்ராம்ப்' இழுத்துப் பிடிப்பது. 'டிங்ளிங்' குறுகுறுப்பு, 'நம்ப்' மரத்துப்போவது. இந்த எட்டு போதும் என்பது என் கணக்கு.

இவற்றை நான் கற்றது உடம்பில் வலி வந்தபோதுதான். நெடுநேரம் உட்கார்ந்து கால் மரத்தால் உடனே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். மேசை முனையில் முழங்கால் இடித்தால் ஒரு வாக்கியம். அலறிய பிறகுதான்.

வீட்டுக்குள்ளேயே கிடைக்கும் வாசிப்பு என்று பார்த்தால் குப்பிகளின் மேல் ஒட்டியிருக்கும் குறிப்புகளுக்கு இணை இல்லை. சோப்புத் திரவம், பற்பசை, கிருமிநாசினி, கைத்தூய்மி எதை எடுத்தாலும் அதன் முதுகில் பத்து வரி ஆங்கிலம் இருக்கும். கட்டளை வாக்கியமும் நிபந்தனை வாக்கியமும் அங்கே மாறி மாறி வரும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும். பட்டால் தண்ணீரால் நன்றாக அலசவும். எரிச்சல் ஏற்பட்டால் பயன்படுத்துவதை நிறுத்தவும். 'இஃப்' என்று தொடங்க வேண்டிய இடத்தில் சில குப்பிகளில் 'ஷுட் இரிட்டேஷன் அக்கர்' என்று இருக்கும். 'வேண்டும்' என்று நாம் படித்து வைத்த 'ஷுட்' இங்கே 'ஏற்பட்டால்' என்று வேலை செய்கிறது. பள்ளிக்கூடத்தில் யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை. குளியலறைக் குப்பிதான் சொன்னது.

மருந்தோடு வரும் மடித்த தாள் அதற்கு அடுத்த வகுப்பு. எழுத்து பொடியாக இருப்பதால் பலர் விரித்துப் பார்ப்பதே இல்லை. விரித்துப் பாருங்கள். 'மே', 'மஸ்ட்', 'ஷுட்', 'கேன்' ஆகிய நான்கு துணைவினைகளின் எடை அங்கேதான் தெரியும். தூக்கக் கலக்கம் வரக்கூடும் என்றால் 'மே', வராமலும் போகலாம். 'மஸ்ட் நாட்' என்றால் கூடவே கூடாது. 'டு நாட் ஹேவ் டு' என்றால் செய்யத் தேவையில்லை, செய்தாலும் தவறில்லை. கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் அதிகம். அன்றாடப் பேச்சில் அதனால் பெரிய நட்டமில்லை. மருந்தில் உண்டு.

அந்தத் தாள்களில் என்னை மிகவும் கவர்ந்தது பக்கவிளைவுப் பகுதி. ஐரோப்பிய நாடுகளின் மருந்துத் தாள்களில் 'காமன்', 'ரேர்' போன்ற சொற்களுக்கு அளவே வகுத்திருக்கிறார்கள். 'வெரி காமன்' என்றால் 10 பேரில் ஒருவருக்கும் அதிகமானோருக்கு வரலாம். 'காமன்' 10 பேரில் ஒருவர் வரை. 'அன்காமன்' 100 பேரில் ஒருவர் வரை. 'ரேர்' 1,000 பேரில் ஒருவர் வரை. 'வெரி ரேர்' 10,000 பேரில் ஒருவர் வரை. மற்ற இடங்களில் இந்தச் சொற்கள் பேசுபவரின் மனநிலைக்கேற்ப நீளும், சுருங்கும். இங்கே எண் கட்டிப்போட்டிருக்கிறது. கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிட மகிழ்ச்சியான ஆங்கிலம் வேறு இல்லை.

எண் என்றதும் உச்சரிப்பைச் சொல்லியாக வேண்டும். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டையும் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். 15க்கு அழுத்தம் கடைசி அசையில், அதுவும் நீளமாக. 50க்கு முதல் அசையில், முடிவு குறுகி. தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நம் காது அதைத் தேடிப் பழகவில்லை. மருத்துவமனைகளிலேயே இந்தக் குழப்பத்துக்கு அஞ்சி, வாய்மொழியாக மருந்தளவு சொல்லும்போது 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்ல வேண்டும் என்று அறிவுறுத்துகிறார்கள். அவர்களே அப்படிச் செய்யும்போது நாம் கூச்சப்பட ஒன்றுமில்லை. நான் எப்போதும் திருப்பிக் கேட்கிறேன்: 'ஒன் ஃபைவ், ரைட்?' காய்ச்சல் அளவிலும் இதே கவனம் வேண்டும். 38 என்றால் செல்சியஸ், 100.4 என்றால் பாரன்ஹீட். இரண்டும் ஒரே காய்ச்சல்தான். எந்த அளவையில் சொல்கிறோம் என்பதைச் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது.

திருப்பிச் சொல்வது என்பது மருத்துவர்களே கையாளும் முறை. ஆங்கிலத்தில் 'டீச் பேக்' என்பார்கள். மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்கிய பிறகு, புரிந்ததா என்று கேட்பதில்லை. புரியாவிட்டாலும் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். வீட்டுக்குப் போய் எப்படிச் செய்வீர்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். அக்கா அதை அப்படியே பாடமாக்கினார். ஒரு பக்கம் படித்துவிட்டுத் தாளை மூடிவிட்டு அவருக்கு ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். தாளில் இருந்த சொற்றொடரை அப்படியே ஒப்பித்தால் ஏற்க மாட்டார். "அது அச்சடித்தவன் சொன்னது. நீங்கள் சொல்லுங்கள்," என்பார். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தின் குறிப்பை முதன்முதலில் அப்படி விளக்கியது நினைவிருக்கிறது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் பொட்டலம் முழுவதையும் கொட்ட வேண்டும், பாதியாகப் பிரிக்கக் கூடாது, வேறு எதையும் சேர்க்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குப் பிறகு மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். எளிய விஷயம்தான். ஆனாலும் 'ஏன் பாதியாகப் பிரிக்கக் கூடாது?' என்று அவர் ஆங்கிலத்தில் குறுக்கிட்டதும் தாளில் இல்லாத வாக்கியம் ஒன்றை நானே கட்ட வேண்டியிருந்தது. பேச்சு அந்தக் குறுக்குக் கேள்வியில்தான் வளர்ந்தது.

அப்படி ஓர் அக்கா எல்லாருக்கும் அமைவதில்லை. கைபேசியில் குரலைப் பதிவு செய்து மறுநாள் கேட்டாலும் பாதிப் பயன் கிடைக்கும். தினமும் இரவு மூன்று வாக்கியம் நாட்குறிப்பு எழுதுவதும் நல்லது: எப்படித் தூங்கினேன், உடம்பு எப்படி இருக்கிறது, நாளை என்ன செய்யப் போகிறேன். மூன்று காலமும் அதில் வந்துவிடும். இலக்கியமாக எழுத முயல வேண்டாம். 'ஐ ஸ்லெப்ட் பேட்லி' போதும்.

புரியாதபோது கேட்பதற்கான வாக்கியங்களை எல்லாவற்றுக்கும் முன்னால் கற்றுக்கொள்ளுங்கள் என்று புதியவர்களிடம் சொல்வேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்ல முடியுமா? எழுதிக் காட்ட முடியுமா? நீங்கள் சொல்வது இதுதானா? இந்த மூன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். கூச்சம் தரும் உறுப்புகளையும் கழிவுகளையும் பற்றிப் பேசப் பொதுவான, மருத்துவத் தன்மையுள்ள சொற்களை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதும் அவசியம். விந்தையாக, தாய்மொழியில் சொல்லக் கூசும் சிலவற்றை ஆங்கிலத்தில் சொல்வது எனக்கு எளிதாக இருந்திருக்கிறது. அப்பாவும் அப்படித்தான், மூலநோயை என்னிடம் சொல்லத் தயங்கியவர் 'பைல்ஸ்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

ஓர் எச்சரிக்கை. நோய்களைப் பற்றி நிறைய ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கியதும், படித்த நோயெல்லாம் தனக்கு இருப்பதாகத் தோன்றும் கட்டம் ஒன்று வரும். நோய்களைவிட்டு, சுத்தம், தூக்கம், பல், உடற்பயிற்சி என்று நலம் சார்ந்த பக்கங்களுக்கு அப்போது திரும்பிவிடலாம். மொழிக்கு ஒரு குறைவும் வராது. வாசிக்கும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை, அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ் போன்றவை பொதுமக்களுக்காகவே எளிய ஆங்கிலத்தில் எழுதுகின்றன. செய்தியும் நம்பகமானது, வாக்கியமும் குட்டையானது. அற்புத மருந்து விற்கும் பக்கங்களில் இரண்டுமே கெட்டிருக்கும். மொழி பழகப் படித்ததை வைத்து மருந்தை நிறுத்துவதோ அளவை மாற்றுவதோ வேறு விவகாரம்; அதற்கு மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் இப்போதும் ஒரு துண்டுத்தாளில் ஐந்து வரி எழுதிக்கொள்கிறேன்: என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, எப்படிப்பட்டது, என்ன மருந்து, என் கேள்வி என்ன. முழு வாக்கியமாக எழுதுவதில்லை; முழுதாக எழுதினால் படித்துக் காட்டத் தோன்றும். வெளியே வந்ததும் தாளின் பின்பக்கத்தில் அவர் சொன்னதில் புதிதாகக் காதில் விழுந்த சொல்லை எழுதிவிடுவேன். போன முறை எழுதியது 'வேர் ஆஃப்'. மருந்தின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை அப்படிச் சொல்கிறார்கள். நோட்டின் வலப்பக்கத்தில் அது ஏறிவிட்டது. இடப்பக்கத்துக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.